கணவரின் கண்பாவை விரியவில்லை என்றால் அன்பு இல்லையா?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 36 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

திருமணமாகிப் பதினோரு வருடம், ஒரு மகள். கணவருக்கு 44 வயது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடத்திலிருந்து கால் எரிச்சலுக்கும் இரவில் ஒரு மாத்திரை. ஏறக்குறைய அதே சமயத்திலிருந்து மனைவியிடம் நெருங்குவதில்லை. கேட்டால் "அசதியா இருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இந்த நேரத்தில் வாசகி ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். பிடித்தவரைக் கண்டால் கண்மணி 45 சதவீதம் விரியும், பொய் சொன்னாலும் விரியும், யாராலும் மறைக்க முடியாது என்கிறது அது. அன்றிலிருந்து கணவரின் கண்ணையே கவனிக்கிறார். சாப்பாட்டு மேஜையில் தன்னைப் பார்க்கும்போது புள்ளியாக இருக்கும் கண்மணி, இரவு பால்கனியில் போன் பார்க்கும்போது கொஞ்சம் பெரிதாகிறது. கடையில் கணக்கு எழுதும் பெண்ணின் பெயரைச் சொன்னபோதும் பெரிதானது. நான்கு மாதத்தில் செல்போனில் 200க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறார். அவற்றில் இடது கண்மணி வலதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. கரன்ட் போன இரவில்கூட மகளுக்கு விரிகிற அளவுக்கு அவருக்கு விரியவில்லை. "ஏதாவது போதைப் பழக்கமா இருக்கும்" என்கிறார் தம்பி. பக்கத்து வீட்டுத் தோழியோ, கண்மணியைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து வாங்கி நீ போட்டுக்கொள், முகம் கவர்ச்சியாக இருக்கும் என்கிறார். வாசகிக்கு இரவில் மூன்று நான்கு மணி நேரம்தான் தூக்கம். "அவர் கண்ணை நம்புவதா, வார்த்தையை நம்புவதா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கவனித்த பல விஷயங்கள் உண்மையாகவே இருக்கலாம். அவற்றுக்கு அந்த வீடியோ கொடுத்த அர்த்தம்தான் தவறு. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன சில வரிகள், அந்தப் பெண்ணின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் பட்டன. அங்கே வருவதற்கு முன் பாவை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

சுருக்குப் பையும் சக்கரக் கம்பியும்

கண்மணி, பாப்பா, பாவை என்றெல்லாம் நாம் சொல்வது உண்மையில் ஓர் ஓட்டை. ஐரிஸ் என்கிற பழுப்பு வளையத்தின் நடுவில் இருக்கிறது. வெயிலில் 2 மி.மீ., அதாவது ஒரு பெரிய கடுகளவு; வீட்டு வெளிச்சத்தில் 4 மி.மீ., ஒரு மிளகளவு. இளம் வயதினருக்கு நல்ல இருட்டில் 7, 8 மி.மீ. வரை போகும், கறுப்புக் கொண்டைக்கடலை அளவு. வயது ஏற ஏற இருட்டில் விரியும் அளவு குறைந்துகொண்டே வரும். ஆகவே மகளின் கண்ணோடு அப்பாவின் கண்ணை ஒப்பிட்டது சரியான ஒப்பீடு இல்லை.

ஓட்டையைச் சுற்றிச் சுருக்குப் பையின் நாடா போல ஒரு தசை இருக்கிறது. இறுகினால் பாவை சுருங்கும். சைக்கிள் சக்கரக் கம்பி போல வெளிப்பக்கம் இழுக்கும் தசை இன்னொன்று, அது விரிக்கும். சுருக்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. விரிக்கும் நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டு, தண்டுவடம் வழியாக மார்பின் மேற்பகுதி வரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டி வளைந்து, கழுத்து ரத்தக்குழாயோடு சேர்ந்து மறுபடி கண்ணுக்கு ஏறுகிறது. இந்த நீண்ட பாதையைப் பிற்பாடு மறுபடியும் பார்ப்போம்.

பயம், ஆசை, கோபம், ஆச்சரியம், மனக்கணக்கு என்று எது வந்தாலும் மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் திரள் சுறுசுறுப்பாகிறது. விரிக்கும் பக்கம் முறுக்கேறும், சுருக்கும் பக்கம் தளரும். பாவை லேசாக விரியும். "ஏதோ நடக்கிறது" என்பதோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். என்ன நடக்கிறது என்பது அதில் இருக்காது.

45 சதவீதம்

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1960இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் சயன்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். குழந்தை, தாயும் சேயும், நிர்வாண ஆண், பெண், இயற்கைக் காட்சி ஆகிய படங்களைக் காட்டிப் பாவையை அளந்தார்கள். கலந்துகொண்டவர்கள் நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள், அவ்வளவுதான். பிடித்தால் விரியும், பிடிக்காவிட்டால் சுருங்கும் என்று ஹெஸ் பிறகு சொல்லத் தொடங்க, அது காட்டுத்தீயாகப் பரவியது.

கண்பாவை ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஐரீன் லோவன்ஃபெல்ட் 1966லேயே இதை மறுத்தார். வெளிச்சமும் கிட்டத்தில் பார்ப்பதும் பாவையைச் சுருக்கும். மனதைத் தொடும் விஷயம் எதுவானாலும் விரிக்கத்தான் செய்யும் என்பது அவர் வாதம். அவர் பக்கம்தான் நியாயம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2008இல் மார்கரெட் பிராட்லி குழுவினர் இனிமையான படங்களையும் கோரமான படங்களையும் காட்டினார்கள். இரண்டுக்கும் பாவை விரிந்தது. ஆசைக்கும் அருவருப்புக்கும் ஒரே பதில்.

எவ்வளவு விரியும் என்பதையும் பாருங்கள். 4 மி.மீ. பாவை 45 சதவீதம் விரிந்தால் 5.8 மி.மீ. ஆக வேண்டும். உணர்ச்சியாலும் யோசனையாலும் வரும் மாற்றம் பொதுவாக அரை மி.மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆய்வகத்தில் தலையை அசையாமல் நிறுத்தி, வெளிச்சத்தைச் சீராக்கி, அகச்சிவப்புக் கேமராவில் பதிந்து, பல முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தால்தான் அது பிடிபடும். நம்மூர்க் கண்ணில் இன்னொரு சிக்கல். ஐரிஸ் கரும்பழுப்பு, பாவை கறுப்பு; சாதாரண அறை வெளிச்சத்தில் இரண்டுக்கும் நடுவே எல்லைக் கோடு எங்கே என்றே தெரியாது. மருத்துவர்களான நாங்களே பக்கவாட்டில் விளக்கடித்துத்தான் பார்க்கிறோம்.

நீங்கள் செய்த சோதனை என்ன செய்தது?

பாவையைப் பார்க்க நீங்கள் எவ்வளவு கிட்டே போயிருப்பீர்கள்? ஒரு முழம் தூரமாவது வந்தால்தான் கறுப்புக் கண்ணில் எதுவும் தெரியும். அவ்வளவு கிட்டே இருக்கும் முகத்தை அவர் பார்க்கும்போது இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பும், கண்ணின் லென்ஸ் தடிக்கும், பாவை தானாகவே சுருங்கும். இது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். எதிரில் இருப்பது மனைவியானாலும் மாமனாரானாலும் செய்தித்தாளானாலும் ஒன்றுதான். சாப்பாட்டு மேஜைக்கு மேல் டியூப்லைட்டும் எரிகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் பாவை புள்ளியாகத்தான் இருக்கும்.

பால்கனியில் நடந்தது இதற்கு எதிர்ப்புறம். சுற்றிலும் இருட்டு, போன் வெளிச்சம் ஒரு சிறு சதுரம்தான். அதனால் பாவை கொஞ்சம் விரிந்தது. கடைக்காரர் வேறு. 1966இல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் எண்களை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாவையை அளந்தபோது, ஒவ்வொரு எண் கூடும்போதும் அது விரிந்தது. எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. போனில் வந்தது காதல் செய்தியா, மொத்த வியாபாரியின் ஜிஎஸ்டி பில்லா என்று பாவைக்கு வித்தியாசம் தெரியாது.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. பல போன்கள் படம் எடுக்கும் முன் ஒருமுறை மின்னும். வெளிச்சம் பட்டதிலிருந்து ஏறக்குறைய கால் நொடியில் பாவை சுருங்கத் தொடங்குகிறது. படம் எந்தக் கணத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

பெயரைச் சொன்னதும் விரிந்தது

ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு மனைவி தன் கண்ணுக்குள் உற்றுப் பார்க்கிறாள் என்றால் எந்த ஆணுக்கும் பாவை விரியும். குற்றவாளிக்கும் விரியும், நிரபராதிக்கு "இதென்ன புதுப் பிரச்சினை" என்ற பதற்றத்திலேயே விரியும். பொய் சொல்ல மெனக்கெடும்போது விரியலாம். உண்மையை நம்பவைக்க மெனக்கெட்டாலும் அப்படியே. மூச்சு, நாடி, வியர்வை மூன்றையும் ஒருசேர அளக்கும் பொய் கண்டறியும் கருவிச் சோதனையைக்கூடச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக் கூடாது, சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாப்பாட்டு மேஜைச் சோதனைக்கு அதைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். அதற்காக அந்தப் பெண் விஷயத்தில் எதுவும் இல்லை என்று நான் சான்றிதழ் தரவில்லை. கண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது, அவ்வளவே.

பாவைக்குச் சமூக வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2015இல் நெதர்லாந்தின் மரிஸ்கா கிரெட் குழுவினர் பணம் முதலீடு செய்யும் ஒரு விளையாட்டு வைத்தார்கள். எதிராளியின் கண்கள் மட்டும் திரையில் தெரியும். விரியும் பாவையைக் கண்டவர்கள் அதிகம் நம்பினார்கள். அவர்களின் பாவையும் கூடவே விரிந்தது. குறிப்பாகத் தம் இனத்தவர் என்று நினைத்த கண்களோடு இந்த ஒத்திசைவு நம்பிக்கையோடு சேர்ந்து வந்தது. ஆனால் இதெல்லாம் அறியாமல் நடப்பது. உளவு பார்க்க உட்கார்ந்தால் நடப்பது வேறு: பார்ப்பவரும் பதறுகிறார், பார்க்கப்படுபவரும் பதறுகிறார்.

இருட்டிலும் விரியாத பாவை

இப்போது நான் சொன்ன அந்த வரிகளுக்கு வருகிறேன். எட்டு வருடச் சர்க்கரை, கால் எரிச்சல், இருட்டிலும் சரியாக விரியாத பாவை, ஒரு வருடமாக நெருங்காத கணவர். நீங்கள் இவற்றைக் கடிதத்தின் நான்கு மூலைகளில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவர் நான்கையும் ஒரே வரியில் வைத்துப் படிப்பார்.

சர்க்கரை நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் கெடும். முதலில் காலில் எரிச்சல், மதமதப்பு. அதே பாதிப்பு நம் கட்டுப்பாட்டில் இல்லாத தானியங்கி நரம்புகளுக்கும் வரும். பாவையை விரிக்கும் அந்த நீண்ட பாதை நரம்பும் இந்த வகைதான். அது பலவீனமானால் இருட்டில் பாவை விரியாது, சின்னதாகவே நிற்கும். மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுவது, இரவில் வண்டி ஓட்டத் தயங்குவது எல்லாம் கூடவே வரலாம்.

ஆணுறுப்பின் விறைப்புக்கும் இந்தத் தானியங்கி நரம்புகளும் சீரான ரத்த ஓட்டமும் வேண்டும். நீரிழிவு உள்ள ஆண்களிடம் விறைப்புக் குறைபாடு மிகவும் சகஜம். மனைவியிடம் அதைச் சொல்வதைவிட "அசதி" என்று திரும்பிப் படுப்பது ஒரு ஆணுக்கு எளிது. நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் நீங்கள் அன்பின்மை என்று படிப்பது நரம்புத் தளர்ச்சியும் வெட்கமுமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரில் அல்புமின், 10 கிராம் நைலான் இழையால் பாத உணர்ச்சிச் சோதனை, ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் ரத்த அழுத்தம். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தானியங்கி நரம்பு பாதிப்பைச் சந்தேகிப்பார்கள். விறைப்புப் பிரச்சினையை அவரே தனியாக மருத்துவரிடம் சொல்லட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட விடாதீர்கள். நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும்.

தம்பியின் சந்தேகத்துக்கு ஒரு வரி: அபின் வகை மருந்துகள் பாவையைச் சுருக்கும், ஆம்ஃபெட்டமின் போன்றவை விரிக்கும். ஆனால் சில சளி மாத்திரைகள், மன அழுத்த மருந்துகள், புராஸ்டேட் மாத்திரை எல்லாமும் பாவையோடு விளையாடும். பாவை அளவை மட்டும் வைத்துப் போதையைச் சொல்ல முடியாது.

இடது கண் பெரிது

ஐந்தில் ஒருவருக்கு இரண்டு பாவைகளுக்கும் நடுவே 0.4 மி.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இயல்பாகவே உண்டு. உங்கள் கணவரும் அந்த வகையா என்று பார்க்க, அவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு சோதனை செய்யலாம். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்; உங்களையோ போனையோ பார்க்கக் கூடாது. எல்லா விளக்கும் எரிய ஒரு நிமிடம் கழித்து, ஃபிளாஷ் இல்லாமல், அவர் பார்வையை மறைக்காதபடி சற்றுக் கீழிருந்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து ஒரு படம். பிறகு ஜீரோ வாட் பல்பு மட்டும் எரிய, இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அப்போது முகவாய்க்குக் கீழே மங்கலான வெளிச்சம் இருந்தால் போதும்.

இரண்டு படத்திலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் இயல்பானது. இருட்டில் வித்தியாசம் நன்றாகக் கூடினால் சின்னப் பாவை விரிய மறுக்கிறது என்று பொருள். கோளாறு அந்தப் பக்கத்தில். வெளிச்சத்தில் கூடினால் பெரிய பாவை சுருங்க மறுக்கிறது. இரண்டுக்கும் மருத்துவர் வேண்டும், பதற்றம் வேண்டாம்.

பதற வேண்டிய நேரங்களும் உண்டு. ஒரு பாவை திடீரென்று பெரிதாகி, கூடவே இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, வாழ்நாளில் இல்லாத தலைவலி இருந்தால், மூளையின் அடியில் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். சர்க்கரையால் இதே நரம்பு செயலிழந்தால் பெரும்பாலும் பாவை தப்பித்துவிடும். பாவையும் சேர்ந்து விரிந்திருந்தால் "சர்க்கரையாலதான்" என்று காத்திருக்கக் கூடாது. ஒரு பாவை சின்னதாகி, அதே பக்கம் இமை லேசாக இறங்கி, கழுத்து வலியும் இருந்தால் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். இரண்டிலும் உடனே 108.

தோழி சொன்ன சொட்டு மருந்து

வேண்டவே வேண்டாம். பெல்லடோனா என்ற செடியின் பெயருக்கு இத்தாலிய மொழியில் அழகிய பெண் என்று பொருள்; அங்கே பெண்கள் அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அதில் இருக்கும் அட்ரோபின்தான் நம் வேலியோர ஊமத்தையிலும் இருக்கிறது. ஊமத்தை இலையைப் பறித்த கையால் கண்ணைக் கசக்கி, ஒற்றைப் பாவை விரிந்து பயந்து வருபவர்கள் உண்டு. அட்ரோபின் சொட்டு விட்டால் ஒன்று இரண்டு வாரம் வரை கிட்டத்தில் இருப்பவை மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். கண்ணின் முன்னறை குறுகலாக இருப்பவர்களுக்குக் கண் அழுத்தம் திடீரென ஏறி, கடும் வலியோடு பார்வையே பறிபோகலாம். உங்கள் முன்னறை எப்படி என்று பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது. அழகு என்று கணக்குப் பார்த்தாலும், கறுப்புக் கண்ணில் அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியப்போவதில்லை.

இனி என்ன செய்யலாம்

அவர் கண்ணைக் கவனிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரம் எல்லாம் மனம் அங்கேயே சுற்றினால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அங்கே பேசுவதற்குப் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. நான்கு மாதத் தூக்கமின்மையே போதுமான காரணம்.

அவரிடம் பேச, படுக்கையறையும் சாப்பாட்டு மேஜையும் இல்லாத இடம் நல்லது. பெயர் எதையும் எடுக்காமல், "ஒரு வருஷமா நீங்க விலகிப் போற மாதிரி இருக்கு, உடம்புக்கு ஏதாவதான்னு பயமா இருக்கு" என்று ஆரம்பியுங்கள். உடம்பைப் பற்றிய கேள்விக்கு ஆண்கள் பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். பதில் வேறு திசையில் போனால் தம்பதியர் ஆலோசகர் ஒருவரை இருவரும் சேர்ந்து பார்ப்பது அடுத்த படி.

கண் மருத்துவரிடம் அவர் எப்படியும் போயாக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அங்கே போனதும் செவிலியர் சொட்டு விட வருவார். அதற்கு முன்பே "இரண்டு பாவையும் வித்தியாசமா இருக்கு, இருட்டுல விரியறது கம்மி, டாக்டர் முதல்ல பாக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். சொட்டு விட்ட பிறகு அன்றைக்கு அதை மறுபடி சோதிக்க முடியாது. அவர் பாவை முரண்டு பிடித்தால் இரண்டாம் முறையும் விட வேண்டியிருக்கும், அரைநாள் ஒதுக்கிவையுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. நீங்களோ தம்பியோ கூடப் போங்கள்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தில் முகம் பெரிதாகத் தெரியும் படம் இரண்டும் கையோடு இருக்கட்டும். பதினோரு வருடத்துக்கு முன்பும் இடது பாவை பெரிதாகவே இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். செல்போனில் இருக்கும் 200 படங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த நான்கைந்தை மட்டும், தேதியோடு, மருத்துவரிடம் காட்டுங்கள்.